காது போட்ட மதிப்பெண்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்ற ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஜனங்கள் பார்க்கிற வீடியோ அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று தெருத் தெருவாகக் கவனிக்க வேண்டும். அளவுக்காரி என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு தெருவுக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று மெஷின் மதிப்பெண் போடும். மாதக் கடைசியில் இவள் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அறிக்கை மேலே போகும்.

அவளுடைய அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தாள். பாடமெல்லாம் வீடியோவில், சைகை மொழியில். அவள் தெருக் கேபிளோ அரதப்பழசு. சாயங்காலம் எல்லா வீட்டிலும் பார்க்க ஆரம்பித்தால் படம் நிற்காது, ஆனால் மெலிந்துபோகும். டீச்சரின் விரல்கள் கரைந்து கட்டம் கட்டமாகிவிடும். ஒருநாள் போனைப் படுக்கையில் எறிந்துவிட்டு, "எங்க டீச்சருக்குக் கை இருக்கு, விரல்தான் இல்ல" என்று தங்கையிடம் சைகையில் சொன்னாள். சிரிப்புக்குத்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

மூன்றுக்குக் கீழே வாங்கிய தெருவுக்குத்தான் புதுக் கேபிள். அந்த மாத அறிக்கையில் அக்கா தெருவுக்கு நாலரை!

"நாலரைம்மா! டிஸ்டிங்ஷன்! போடு கையெழுத்த" என்றார் மேலாளர்.

"இது தப்பு சார்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லல. படம் நிக்கல, சத்தம் அறுபடல, அத வச்சு மார்க் போடுது. காதால பாக்குது சார்."

பக்கத்து நாற்காலிக்காரன் பாதிக் கொட்டாவியில் வாயை மூடினான். ஓயாமல் கொட்டாவி விடுவதால் அவனுக்குப் பெயரே கொட்டாவி.

"எங்க அக்கா படிக்கிற பாடம் சார்" என்று அளவுக்காரி ஒரு கணக்குப் பாடத்தைப் பெரிய திரையில் போட்டாள், அந்தத் தெருவுக்குப் போகிற அதே மெலிந்த படமாக. சைகையோடு கூடவே ஒரு குரல் கணீரென்று விளக்கியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் மேலாளர்.

அவள் சத்தத்தை அணைத்தாள். "இப்ப டீச்சர் என்ன எண் காட்டுறாங்க, சொல்லுங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஆறு..."

"எட்டு மாதிரி இருக்கே சார்" என்றான் கொட்டாவி.

அவள் கொஞ்சம் பின்னால் ஓட்டிச் சத்தத்தை வைத்தாள். "ஒன்பது" என்றது குரல்.

"ரெண்டு பேரும் பெயில்" என்றாள்.

மேலாளருக்கு முகம் சிவந்தது. "உங்க அக்கான்னுதானே இந்தக் குதி குதிக்கிற?"

"ஆமா சார், எங்க அக்காதான். அதனாலதான் எனக்காவது தெரிஞ்சுது. நமக்குத் தெரியாத அக்காங்க இன்னும் எத்தன பேரோ!"

"வேலை வேணாமா உனக்கு?"

"வேணும். பாத்து எழுதறதுதான் என் வேலை. பாக்காம எழுதறதுக்கு மெஷினே போதுமே."

நாலரையை அடித்துவிட்டு, 'ஒன்று. விரல் தெரியவில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள். மேலாளர் அதைத் தொடவில்லை. வேறு தாளை எடுத்து, "நீ போடுப்பா" என்று கொட்டாவியிடம் தள்ளினார்.

அவன் பேனாவை எடுத்தான். திரையைப் பார்த்தான். பேனாவை மூடி வைத்தான்.

"ஒன்பத எட்டுன்னு சொன்ன ஆளு சார் நான். என் கையெழுத்துக்கு என்ன மரியாதை?"

வேறு வழியில்லை. ஒன்று என்ற மதிப்பெண்ணோடுதான் அறிக்கை மேலே போனது. அந்த வாரமே அளவுக்காரியைப் புகார் போன் எடுக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். "போனா போகுது, இனிமே நேரடியா ஜனங்ககிட்டயே கேட்டு எழுதுவேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தெருவில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டிய அன்று, அக்கா கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வெயில் என்றும் பாராமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, எழுந்து போங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லோரும் நிறைந்த ஆயுசோடு, ஒருவர் முகத்தை ஒருவர் தெளிவாகப் பார்த்துச் சிரித்து நன்றாக இருக்க வேண்டும்.