சுண்ணாம்பு அடித்த மாடி

அப்துல் ரசாக் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினான். கீழே ஈரத்துணியோடு நின்ற காமாரியா, "கொடிக்கயித்தையும் அவுத்துட்டீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

"அவுத்தாச்சு அக்கா. ஆணியக்கூடப் புடுங்கியாச்சு" என்றான்.

அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் தகரப்பெட்டியும் சட்டியுமாக இறங்கினார்கள். எல்லோரும் துறைமுகத்தில் தொங்கான் படகுகளில் மூட்டை சுமப்பவர்கள். கணவன் கடையை மூடியதிலிருந்து காமாரியா மாடியை இவர்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருந்தாள். இன்று சாயங்காலம் வரை பெட்டி படுக்கையோடு வெளியே இருந்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். ஒருவனும் முகம் சுளிக்கவில்லை. "செட்டியார் வீடு பாக்க வர்றாரு. நாங்க கிடந்தா நல்லாவா இருக்கும்? போறோம்லா" என்று ரசாக்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னான்.

அவர்கள் சூலியா தெருப் பக்கம் திரும்பியதும் காமாரியா படிகளை மறுபடி துடைத்தாள். காலையிலேயே கழுவிய படிதான். ஆனாலும் வீட்டைக் கழுவுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தச் சந்தில் ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு வாப்பா கொடுத்த வீடு. பூவேலை செய்த கதவு, பச்சைக் கண்ணாடி வைத்த சன்னல், நடுவில் வானம் பார்த்த முற்றம். ரப்பர் விலை விழுந்து, கப்பல்களுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஷேக் அலாவுதீனின் கடையும் விழுந்தபிறகு மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் முழுசாக மிஞ்சவில்லை. கடை நடந்த காலத்திலேயே பத்திரம் கடனுக்கு ஈடாகப் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு செட்டியாரின் பெட்டிக்குள் போயிருந்தது. அவர் இப்போது கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குக் கப்பலேறப் போகிறாராம். இந்த மாதத்துக்குள் கடன் தீராவிட்டால் வீடு ஏலத்துக்கு வரும். அதே தெருவில் வட்டிக்குக் கொடுக்கும் வேறொரு கிட்டங்கியில் ஏஜெண்டாக இருக்கும் சாத்தப்ப செட்டியார், அந்தக் கடனைத் தாம் அடைத்துவிட்டுப் பத்திரத்தைத் தம் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறார். வீடு அவ்வளவு பெறுமா என்று பார்த்துவிட்டுத்தான்.

அந்தப் பார்வையைத்தான் காமாரியா ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மாடியை அவள் எத்தனையோ நாள் கூச்சத்தோடு ஏறிப் பார்த்திருக்கிறாள். கொடியில் தொங்கும் அழுக்குக் கைலிகள், மூலையில் கருவாட்டு வாடை, சுவரோரம் படுப்பவர்களின் தலை பட்டுப் பட்டு வரிசையாகப் படிந்த எண்ணெய்க் கறை. மாடியில் யார் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "அவுகளோட கப்பல் ஆளுங்க, ரெண்டு நாள்ல போயிருவாங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த ரெண்டு நாள் முடிகிற வழியைக் காணோம். இதையெல்லாம் செட்டியார் கண்ணில் காட்டினால் வீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்? கையில் இருந்த சில்லறையைக் கொட்டிச் சுண்ணாம்பு வாங்கி, நேற்று அவளே அந்தச் சுவருக்கு அடித்துவிட்டாள். தோள்பட்டை இன்னும் வலித்தது. ஆனால் மாடி வெளுத்துக் கிடந்ததைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

சாத்தப்ப செட்டியார் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ரிக்‌ஷாவில் வந்தார். குடையை வாசல் நடையில் சாத்திவிட்டு, நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. இவர் வருவதற்காகவே, இப்போது வேலை பார்க்கும் சரக்குக் கோதாமில் பாதி நாள் லீவு கேட்டு வந்திருந்த அலாவுதீன், "வாங்க செட்டியாரே" என்று முன்னால் நடந்தார். காமாரியா உள்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பூவேலைக் கதவைச் செட்டியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காமாரியாவுக்குச் சுருக்கென்றது. அவர் சந்தின் அகலத்தைக் கேட்டார். குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டார். பின்கட்டுக்குப் போய்க் கக்கூஸ் வாளி எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மாடி ஏறினார். அவருடைய காலடி ஓசை பலகையில் இங்கிருந்து அங்கே போய்த் திரும்பி வந்தது. வெறும் அறையில் அது பெரிதாகக் கேட்டது.

இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "மாடி காலியா இருக்கே மரைக்காயரே."

"இல்லல்ல, ஆள் இருக்காங்க. துறைமுகத்து ஆளுங்க. இன்னைக்கு மட்டும்..." அலாவுதீன் திரையைப் பார்த்தார்.

"ஒரு பாய் இல்லை, ஒரு பெட்டி இல்லை. ஆணி அடிச்ச ஓட்டைதான் இருக்கு. ஆள் படுக்கிற சுவத்துல தலையெண்ணெய் பட்டிருக்கும். அங்க சுண்ணாம்பு இன்னும் காயவேயில்லை." அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது. "இந்தச் சரிவு வந்ததுலேர்ந்து பாக்கிற வீடெல்லாம் இப்படித்தான் இருக்கு. குடியிருந்தவுக வாடகையைக் கொடுக்காம ஓடிப்போயிர்றாக. நீங்க சுவத்தை அடிச்சு வச்சிட்டு, ஆள் இருக்குங்கிறீக."

அந்நிய ஆண் முன்னால் குரல் காட்டாத காமாரியா திரைக்குள்ளிருந்தே சொன்னாள்: "நான்தான்யா போகச் சொன்னேன். வீடு அசிங்கமா இருக்கக் கூடாதேன்னு. சாயங்காலம் வந்துருவாங்க."

செட்டியார் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "வீடு சுத்தமாத்தான் இருக்கு தாயி. ஆனா நாங்க வீட்டுக்குக் கடன் கொடுக்கலை, வீட்டோட வாடகையைப் பாத்துக் கொடுக்கிறோம். நாளைக்கு நீங்க கட்ட முடியாமப் போனா, இது மாசம் என்ன தரும்? அதை வச்சுத்தான் கணக்கு. கதவு வாடகை தராது."

"நான் ஓடிப்போயி ரசாக்கக் கூட்டிட்டு வந்துர்றேன். துறைமுகத்து ஜெட்டிலதான் இருப்பான்" என்று அலாவுதீன் எழுந்தேவிட்டார்.

"கூப்பிட்டா வருவாக. யாரைக் கூப்பிட்டாலும் வருவாக, மரைக்காயரே." செட்டியார் குடையை எடுத்துக்கொண்டார். "எங்க முதலாளி ஊர்ல இருக்காக. கண்ணால பாத்ததைத்தான் நான் எழுதணும். ஆள் இல்லாத மாடின்னுதான் எழுத முடியும். அந்தக் கணக்குக்குப் பழைய கடன்ல பாதி தேறும். மீதிக்கு வழி இருந்தா, கிட்டங்கிக்கு வாங்க."

மீதிக்கு வழி இருந்தால் அவரை எதற்குக் கூப்பிட்டிருக்கப் போகிறார்கள்? ரிக்‌ஷா சந்து முனையைத் தாண்டும்வரை அலாவுதீன் வாசலில் நின்றார். உள்ளே வந்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கிட்ட" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு முற்றத்துக் குழாயில் தொழுகைக்கு ஒளு செய்யப் போய்விட்டார்.

காமாரியா படிக்கட்டின் அடியில் உட்கார்ந்தாள். நகக்கண்ணில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. அந்தக் கறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனை அருவருத்திருக்கிறாள்! அவைதான் வீட்டைத் தாங்கி நின்றன என்று யார் சொன்னார்கள் அவளுக்கு? வாப்பா இருந்தால் கதவைக் காட்டித்தான் பேசியிருப்பார், அவருக்கும் தெரிந்திருக்காது. அழுதுவிடலாம் என்று நினைத்தாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லி அடங்கியபோது ரசாக்கும் மற்றவர்களும் வந்தார்கள். பாயும் பெட்டியும் பகல் முழுக்க ஜெட்டி வெயிலில் கிடந்து சூடாக இருந்தன. ரசாக் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். "ஆப்பம், அக்கா. நல்ல காரியம் நடந்த நாளாச்சே. செட்டியார் அசந்து போயிருப்பாரே?"

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "வாடகையை இந்த மாசம் முன்னாடியே தரட்டுமா அக்கா?" என்று பின்னால் நின்ற ஒருவன் கேட்டான். அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ரசாக் ஏறப்போனவன், துடைத்த படியைப் பார்த்து நின்றான். கட்டைச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்தான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, சுருட்டிய பாய் புதுச் சுண்ணாம்பில் உரசிவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படியின் ஓரத்தில் மட்டும் கால் வைத்து, சத்தமில்லாமல் மாடி ஏறினார்கள்.