தரையில் ஒட்டிய சமையலறை

அந்தச் சமையலறையில் எந்தச் சுவரும் அடுத்த சுவரோடு நேராகச் சேரவில்லை. நடுவில் ஒரு தூண். மாடிப்படி தலைக்கு மேல் சரிந்து இறங்கியது. தண்ணீர்க்குழாய் ஒரு மூலையில், வெளிச்சம் வரும் ஜன்னல் அதற்கு எதிர்மூலையில். சமையலறைகளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் டேப்பக்கா மண்டியிட்டு மூலையை அளந்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"வெறும் படத்துக்குப் பதினெட்டாயிரமா?" வீட்டுக்காரர் நிலைப்படியில் கைகட்டி நின்றார். "அலமாரிக் கடையில சும்மாவே வரைஞ்சு தர்றாங்க."

"சும்மா இல்ல சார். அந்தக் காசு அலமாரி விலைக்குள்ள இருக்கும். நேரான அறைன்னா நான் பத்துதான் வாங்குவேன். இது நாலு தடவை போட்டுப் பார்க்க வேண்டிய அறை."

"அப்புறம் எந்தத் தச்சரை வைக்கணும்னு நீங்களே சொல்வீங்க. அங்க ஒரு கமிஷன்."

"யார்கிட்டயும் வாங்குறதில்ல சார். அதனாலதான் ஃபீஸ்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"நீங்க போங்களேன், அவங்க அளக்கட்டும்," என்றாள் வீட்டுக்காரம்மா. "பால் பொங்குதுன்னு ஓடினா தூண்ல இடிச்சிட்டு நிக்கிறது நான்தானே. என் தோளைத் தொட்டுப் பாருங்கக்கா, ஒரு பக்கம் இறங்கியே போச்சு."

பேச்சு முடிவானது. பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே படம்.

டேப்பக்காவின் வீட்டில் அவள் கணவன் சுவரில் முதுகைச் சாய்த்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கிடங்கில் மூட்டை தூக்கும்போது பிடித்த முதுகு இன்னும் விடவில்லை. அவள் முன்பு வேலை பார்த்த அலமாரிக் கடையிலிருந்து மேலாளர் அன்றும் கூப்பிட்டிருந்தார். திரும்பி வருவதானால் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். சம்பளம் முன்பைவிடக் குறைவுதானாம்.

"இந்தப் பணம் வந்துட்டா வாடகையைக் கட்டிட்டு அந்த மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டுடலாம்," என்றாள்.

"காசு வராம படத்தைக் கண்ணுலகூடக் காட்டாதே, டேப்பு. போன்ல போட்டோ புடிச்சிடுவாங்க."

"எனக்கா சொல்றீங்க? பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடி போட்டோ கேட்டீங்களே, எங்கப்பா குடுத்தாரா? எங்க வம்சமே உஷாரு."

"அந்த உஷார்லதான் நான் மாட்டிக்கிட்டேன்," என்று சிரிக்கப்போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

நான்காவது முறை வரைந்தபோதுதான் வழி பிடிபட்டது. சுவர்களை விட்டுவிட்டு, தூணோடு ஒட்டிச் சமையல் மேடையைத் திருப்பினாள். தூண் மேடைக்குள் போய்விட்டது. அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஒரு கை தூரத்துக்கு வந்தன.

மறுநாள் அந்த வீட்டில் எல்லாவற்றையும் தரையில் காகித டேப்பால் ஒட்டிக் காட்டினாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். மேடை, அடுப்பு, தொட்டி, அலமாரிக் கதவு திறக்கும் வளைவு வரை எல்லாம் நிஜ அளவில். வீட்டுக்காரம்மா கோடுகளுக்கு நடுவே ஒரு காலிப் பாத்திரத்தோடு நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

"அக்கா, தூணையே காணோம்!"

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "படத்தைக் குடுங்க."

டேப்பக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "பாதிப் பணம் வந்ததும் சார்."

"எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்களுக்கு என் மேல இருக்கா சார்?"

செருப்பை மாட்டிக்கொண்டே, எல்லா வீட்டிலும் சொல்வதை இங்கேயும் சொன்னாள்: "டேப்பைப் பிரிக்காதீங்க. ரெண்டு நாள் இதுக்குள்ளயே புழங்கிப் பாருங்க." படம் இருந்த பையை பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு போனை யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை நேரிலேயே போனாள். வாசலில் ஒரு அலமாரிக் கடையின் வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது. சமையலறையில் ஒரு ஆள் மண்டியிட்டு, அவள் ஒட்டிய கோடுகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தான். ஒரு டேப்பும் பிரியவில்லை.

வீட்டுக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "படத்துக்குத் தனியா காசு வேணாம்னு கடையில சொல்லிட்டாங்கக்கா. அவர்தான்…"

"இது நான் போட்டது சார்," என்றாள் டேப்பக்கா, உள்ளேயிருந்து வந்த வீட்டுக்காரரிடம்.

"எது? தரையில ஒட்டின காகிதமா? நீங்கதான் படத்தையே தரலையே. தராத படத்துக்கு எந்தக் காசும்மா?"

டேப்பக்கா பையின் வாரை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

அளந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டான் போல. "அக்கா, ஒத்தக் கையால முடியல. இந்த முனையைத் தூண்கிட்ட கொஞ்சம் புடிங்களேன்."

கை தானாக நீண்டது. மண்டியிட்டு, அளவு நாடாவின் இரும்பு முனையைத் தூணின் அடியில் அழுத்திப் பிடித்தாள். அவன் எண்ணைச் சத்தமாகப் படித்து, கடையின் பெயர் அச்சடித்த தாளில் எழுதிக்கொண்டான்.

"ஆடாம புடிக்கிறீங்கக்கா," என்றான். "அடுத்து அந்த மூலை."