கூட்டத்துக்குப் போகாத சத்தம்

அண்ணன் சட்டையின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இயர்போன் ஒயரைக் கழுத்துவழியாக உள்ளே விட்டு, முதுகில் அங்கங்கே பிளாஸ்திரி ஒட்டி, நுனியை அவர் இடுப்பில் மாட்டியிருந்த சின்னப் பெட்டியில் செருகினாள். மேடை ஏறும் முன் ஒவ்வொரு ஞாயிறும் செய்கிற வேலைதான். ஆனால் இன்றைக்கு அண்ணன் புதுச்சட்டை போட்டிருந்தார். பின்கழுத்தில் பவுடர் வேறு.

"பாப்பா, இன்னிக்கு என் சத்தத்தக் கொஞ்சம் தூக்கலா வையி. உங்க அண்ணி வர்றா."

பிளாஸ்திரியைக் கிழித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "அண்ணியா? அவங்களுக்கு ஞாயித்துக்கிழம டியூட்டி ஆச்சே."

"லீவு போட்டுட்டா. வந்து கேக்கறேன்னா. நாலு பேரு காது குடுத்துக் கேக்கற மாதிரி இருந்தா போங்க, இல்லன்னா இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு எதுக்கு அலைச்சல், கீபோர்ட மூட்ட கட்டிப் பரண்ல போடுங்கன்னுட்டா." அண்ணன் சிரித்தார். போன வருடம் பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவருடைய உதட்டின் இடப்பக்கம் சிரிப்புக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும். "அவ சொன்னா சொன்னதுதான், தெரியுமில்ல. இன்னிக்கு நான் ஜெயிச்சாகணும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே," என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

டயர் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கு அது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு என்பதால் டயர்களை ஓர் ஓரமாக அடுக்கி, சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, பலகைகளைக் கோத்து மேடை போட்டிருந்தார்கள். இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்ததே அண்ணன்தான். அவர் பல்செட் செய்கிறவர். டயர் கடைக்காரர் வாயில் இருப்பது முழுக்க அண்ணன் கைவேலை. அந்தப் பழக்கத்தில் கேட்டு வாங்கினார். பிறகு அக்கம்பக்கத்தில் பாடத் தெரிந்தவன், தட்டத் தெரிந்தவன், கம்பியை மீட்டத் தெரிந்தவன் என்று ஒவ்வொருவராக வீடு தேடிப் போய் இழுத்து வந்தார். சொந்தப் பாட்டு மட்டும்தான், சினிமாப் பாட்டைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டதும் அவரே. முதல் வாரம் கேட்க வந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாம். இப்போது பிளாஸ்டிக் நாற்காலி பற்றாமல் டயர்மேல் உட்காருகிறார்கள். பாட வந்தவர்களில் ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு அண்ணனுக்கு மாப்பிள்ளையும் ஆனான்.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது எல்லாம். வாரநாளில் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்கிறவன். எதையும் எவரிடமும் விற்கத் தெரிந்த நாக்கு. வாதத்துக்குப் பிறகு அண்ணன் திரும்பி வந்து வாசித்த முதல் ஞாயிறு, வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பேச்சை எடுத்தான். அண்ணன் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுகிறார். ஒவ்வொரு அடிக்கும். அது அவருக்குத் தெரியவும் இல்லை. டிரம்ஸ்காரன்தான் ஓடுகிறான் என்று அவனைத் திட்டினார். "அவரு வந்து சேர்றதுக்குள்ள நான் அடுத்த தெருவுக்கே போயிடறேன்," என்று டிரம்ஸ்காரன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"ரெண்டுல ஒண்ணு," என்றான் கணவன். "மச்சான் மூஞ்சிக்கு நேரா நீயே போய், இனிமே வர வேணாம்னு சொல்லு. இல்லன்னா அவரு குமிழ எறக்கி வையி."

ஒலிப்பலகையில் உட்காருகிறவள் அவள். மேடையில் இருப்பவர்கள் காதுக்குப் போகிற சத்தம் ஒரு வழி, கூட்டத்துக்குப் போகிற சத்தம் இன்னொரு வழி. ஆளுக்கு ஒரு குமிழ், மேலே தள்ளினால் கூட்டத்துக்குக் கேட்கும், கீழே இழுத்தால் கேட்காது. கிடாரோ டிரம்ஸோ என்றால் அதுவே கொஞ்சம் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கீபோர்டுக்கு அந்தத் துப்பில்லை. ஒயரைப் பிடுங்கினால் அது வெறும் பலகை. அண்ணன் பிறந்தநாளுக்கு எல்லோரும் சேர்ந்து, காதுக்குள் அச்சு எடுத்து அளவாகச் செய்த இயர்போனைப் பரிசாகக் கொடுத்தார்கள். வெளிச்சத்தம் ஒரு சொட்டு உள்ளே போகாது. யோசனை அவள் கணவனுடையது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "ஊரார் வாய்க்கெல்லாம் நான் அச்சு எடுக்கறேன், என் காதுக்கு அச்சு எடுக்க நீங்க இருக்கீங்கடா," என்று சொல்லி டிரம்ஸ்காரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காதில் பூச்சுற்றுவது என்பார்கள். இவர்கள் அதை அளவெடுத்துச் சுற்றினார்கள்.

முதலில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் குமிழை இறக்கினாள். பயந்துகொண்டே கூட்டத்தைப் பார்த்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு நன்றாகவே இருந்தது. அதுதான் கொடுமை, முன்பைவிட நன்றாக இருந்தது. அடுத்த வாரம் இரண்டு பாட்டு, பிறகு எல்லாப் பாட்டும். அவர்கள் பாட்டு எதிலும் கீபோர்டு தனியாக வருவதில்லை, எல்லாமே டிரம்ஸில் தொடங்குகிறவை. அதனால் பயமும் போயிற்று. நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுருட்டும்போது அண்ணன் வந்து, "அந்த மூணாவது பாட்டுல ஒரு எடத்துல இழுத்தேனே, எடுபட்டுச்சா?" என்பார். "எடுபட்டுச்சுண்ணே," என்பாள். சொல்லிச் சொல்லி அதுவும் பழகிப்போனது. அண்ணன் மனசு நோகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள், அதை நம்பவும் செய்தாள்.

அண்ணி வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நிற்கிறவள். எங்கே போனாலும் நேராக நடந்து போய் நேராக உட்காருவாள். மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியைத் துடைத்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் திரும்பி நாத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவளும் சிரித்து வைத்தாள். சிரித்துக்கொண்டே விரலால் அண்ணன் குமிழைத் தேடினாள். அது அடியோடு அடியாகக் கிடந்தது. இன்று மட்டும் கொஞ்சம் ஏற்றலாமா? ஏற்றினால் பின்னால் விழுவது அண்ணி காதில் விழும். ஏற்றாவிட்டால் ஒன்றுமே விழாது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது எது யாருடையது என்று அண்ணிக்கு எப்படித் தெரியப்போகிறது, கிடார் சத்தத்தையே புருஷன் சத்தம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள். அப்படி நினைத்ததும் மனசு லேசானது. குமிழை இருந்த இடத்திலேயே விட்டாள்.

இரண்டு பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கும் நேரம் பார்த்து, யாரும் எதிர்பார்க்காதபடி அண்ணன் முன்னால் வந்து அவள் கணவன் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"மாப்பிள்ள மன்னிக்கணும். அடுத்த பாட்ட இன்னிக்கு நான் தனியா ஆரம்பிக்கறேன். வீட்டுலேர்ந்து ஒரு ஆளு வந்திருக்காங்க. இதுல என் சத்தம் எதுன்னு அவங்களுக்குத் தெரியணுமில்ல."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீபோர்டுக்குப் போய், இரண்டு காதிலும் இயர்போனை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். கணவன் மேடையிலிருந்து அவளைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் தலை ஒரே ஒரு முறை அசைந்தது.

அண்ணன் வாசிக்க ஆரம்பித்தார். கிடங்கில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கை குமிழ்மேல் இருந்தது. தள்ள வேண்டியதுதான். ஆனால் அண்ணன் தடுமாறினால்? முதலில் தான் மட்டும் கேட்டுப் பார்ப்போம் என்று ஹெட்போனை மாட்டி, அவர் சத்தத்தைத் தனியாகத் தன் காதுக்கு எடுத்தாள். அண்ணன் பிரமாதமாக வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் விழுவதற்கு இப்போது முன்னால் யாரும் இல்லை. டிரம்ஸ் இல்லை, கிடார் இல்லை. தன் தாளத்தில், தன் போக்கில், ஒவ்வொரு சுரத்தையும் இறக்கி வைக்க இடம் பார்த்து இறக்கி வைத்தார். வாதத்துக்கு முன்னால்கூட அவர் இப்படி வாசித்து அவள் கேட்டதில்லை. இவ்வளவு நாளாக இது இருந்திருக்கிறது. தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்க இவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போதாவது தள்ளியிருக்கலாம். பாதியில் தள்ளினால் சத்தம் திடீரென்று வரும், இவ்வளவு நேரம் மூடி வைத்திருந்தது யார் என்று எல்லாத் தலையும் பின்னால் திரும்பும், முதலில் அண்ணி தலை. அந்தப் பயம்தான். அண்ணன் மனசு, மாப்பிள்ளை மானம் என்று அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது அவளுடைய பயம் மட்டும்தான். குமிழ்மேல் கையை வைத்தபடி, நாற்பது ஐம்பது பேருக்குச் சேர வேண்டியதை ஒருத்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. "சத்தம் வரல," என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் காதில் அது விழ வழியில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊமைப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். மைக்கில் பேசினால் அவர் காதுக்குப் போய்விடும் என்று கணவனுக்குத் தெரியும். மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஒரு விரலை உதட்டில் வைத்து 'உஷ்' என்று காட்டினான். பிறகு காதைக் குவித்து ஏதோ தேவகானம் கேட்கிற மாதிரி கண்ணைச் செருகிக்கொண்டு, காற்றில் விரல்களை ஓட்டினான். முன்வரிசை குபீரென்று சிரித்தது. பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. நிகழ்ச்சியில் இதுவும் ஓர் அங்கம் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். டிரம்ஸ்காரன் குச்சி பிடித்த கையால் வாயை மூடிக்கொண்டான். அண்ணன் ஒரு கணம் கண்ணைத் திறந்தார். எதிரே கிடங்கு நிறையச் சிரித்த முகங்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது, இடப்பக்கம் மெல்ல வந்து சேர்ந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உருகி வாசித்தார்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

டிரம்ஸ்காரன் போதும் என்று நினைத்தானோ என்னவோ, குச்சியை ஓங்கி அடித்துப் பாட்டைத் தொடங்கினான். கிடார் வந்தது, கணவன் குரல் வந்தது, எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி கூட்டம் தலையாட்டத் தொடங்கியது. அண்ணி எழுந்தாள். வரிசையைத் தாண்டி நேராக ஒலிப்பலகைக்கு வந்து நின்று கையை நீட்டினாள்.

"அதக் குடு."

ஹெட்போனைக் கழற்றிக் கொடுப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணி அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இதுல அவர் சத்தம் மட்டுந்தான் கேக்குது."

"ஆமா அண்ணி."

"அப்ப கூட்டத்துக்கு?"

அவள் பலகையைப் பார்த்தாள். அண்ணியும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"ஒடம்பு சரியாகி வந்ததுலேர்ந்து. வேணும்னு பண்ணல அண்ணி. மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

"யாரு மனசு?" என்றாள் அண்ணி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. துணியில் இருப்பது எந்தக் கறை என்று தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள்.

மேடையில் அண்ணன் கண்ணைத் திறந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தார். ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. வாசற்பக்கம் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். பின்னால் இருட்டில் நின்றவள் அவர் கண்ணில் படவில்லை. போய்விட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்; கட்டைகள்மேல் இருந்த கைகள் மெதுவாகத் தளர்ந்து தொடைமேல் விழுந்தன.

"நிறுத்திட்டாரு," என்றாள் அண்ணி, ஹெட்போனைப் பிடித்தபடி.

பாட்டு நிற்கவில்லை. எங்கேயும் ஒரு பொத்தல் விழவில்லை. கூட்டம் அதே மாதிரி தலையாட்டியது, டயர்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் அதே மாதிரி காலால் தாளம் போட்டார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கித் தோள்மேல் விட்டார். ஆள்காட்டி விரலால் ஒரு கட்டையை அழுத்தினார். தலையைச் சாய்த்தார். ஒரு காதில் இருந்த சத்தம் மறு காதில் இல்லை.

கணவன் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். ஒரு வார்த்தை விட்டுப்போய், பிறகு பாட்டு தொடர்ந்தது.

அண்ணன் அதே கட்டையை மறுபடி அழுத்தினார். ஹெட்போனில் அதைக் கேட்ட அண்ணியின் முகம் சுருங்கியது. பலகையில், அடியோடு கிடந்த குமிழுக்குப் பக்கத்தில், அவர் வாசித்தால் எரிகிற பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி அழுத்தினார். எரிந்தது.