பூண்டுக்கு வாங்கிய புகையிலை

மண் சரிந்து கோடைக்கானல் சாலை அடைபட்ட மூன்றாம் நாள், ஜெயமுருகனின் புகையிலை டப்பா காலியானது. அன்றே வீரம்மாளின் நிம்மதியும் போயிற்று.

வீரம்மாளுக்குப் பூம்பாறையில் முக்கால் ஏக்கர் பூண்டுத் தோட்டம். புருஷன் இறந்தபின் பக்கத்து அறையை வாடகைக்கு விட்டிருந்தாள். குடிவந்தவர் ஜெயமுருகன், கோடைக்கானல் ஓட்டல் ஒன்றில் முப்பது வருடம் வரவேற்பு மேசையில் நின்று ஓய்வு பெற்றவர். பைப் பிடிப்பார். இப்போது புகையிலை இல்லாததால், சேவல் கூவுவது தப்பு, தண்ணீர் குளிர்வது தப்பு என்றார். மதியம் மூடுபனியைப் பற்றிப் புகார் சொன்னார்.

"அதுக்கு நான் என்ன சார் செய்ய?" என்றாள் வீரம்மாள்.

"சும்மா இன்ஃபார்ம் பண்ணேன்."

பூண்டில் பூச்சி விழுந்தால் ஊறவைத்துத் தெளிக்க, புகையிலைக் கிட்டங்கியில் தரையில் கூட்டி அள்ளிய இலைத் துண்டுகள் ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தாள். அதை அவர் முன்னால் தள்ளினாள். "இதுவும் அந்த இலைதான சார். நரம்பைக் கிள்ளுங்க."

இருவரும் உட்கார்ந்து கிள்ளினார்கள். அவள் வெல்லத் தண்ணீர் தெளித்து, இட்லிச் சட்டியில் அவித்து, அம்மிக்கல்லின் அடியில் அமுக்கினாள். மறுநாள் பொடியாக நறுக்கி உலர்த்திக் கொடுத்தாள்.

ஜெயமுருகன் பூண்டுப் பாத்தி ஓரமாக நின்று மூன்று இழுப்பு இழுத்தார். "ஸ்ட்ராங்" என்றார். பிறகு பாத்தியிலேயே உட்கார்ந்தார். முகம் வெளுத்து, வியர்த்து, வாந்தி எடுத்தார்.

வீரம்மாள் பதறிப்போய் எலுமிச்சைச் சாறு கரைத்து வந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழியில்லையே. செத்துக்கித்துப் போயிராதீங்க சார்!"

"ஃப்ளேவர் நல்லாருக்கு" என்றார் கண்ணைத் திறக்காமல். "பாடிதான் ஒத்துக்கலை."

அடுத்த முறை இலையை ஒரு நாள் முழுக்க ஊறவைத்தாள். காரமெல்லாம் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் பூண்டுக்குப் போயிற்று. இலை மறுபடி சட்டிக்குப் போயிற்று. வெல்லத்தோடு கனிந்த மலைவாழைப்பழம் ஒன்றையும் பிசைந்து சேர்த்தாள். அன்று அதே சட்டியில் அவித்த இட்லியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் பைப் நன்றாக எரிந்தது. ஜெயமுருகன் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருந்தார், விழவில்லை. சேவல் கூவியது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் பஸ் ஓடத் தொடங்கியது. அவர் புகையிலை வாங்க டவுனுக்குப் போவார் என்று வீரம்மாள் நினைத்தாள். அவரோ வெள்ளனே எழுந்து அவள் வாசலில் வந்து நின்றார்.

"நரம்பு கிள்ளுற வேலை இன்னும் இருக்குங்களா?"

"அது முடிஞ்சிருச்சு. தோட்டத்துல களைதான் கெடக்கு."

"களை எது, பூண்டு எதுன்னு எனக்குத் தெரியாதே."

"வாங்க, காட்டுறேன்."

காட்டினாள். அப்படியும் மதியத்துக்குள் அவர் ஒரு வரிசைப் பூண்டைப் பிடுங்கிப் போட்டிருந்தார். வீரம்மாள் அதை மடியில் கட்டிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தாள். உலையில் அன்று இரண்டு ஆளுக்கு அரிசி போட்டாள்.