பத்து ஜெபமாலைச் சூடு

வெந்நீர் ஏன் செங்கல்லுக்கு முன்னால் ஆறிப்போகிறது என்று சாலம்மாளுக்குப் புரியவில்லை.

செங்கல்லைத் தணலில் சுட்டு, துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்தால் மூன்று ஜெபமாலை வரை சூடு நிற்கிறது. மண்பானை நிறைய வெந்நீர் ஊற்றிச் சாக்கில் சுற்றி வைத்தால் இரண்டுக்குள் ஆறிவிடுகிறது. இத்தனைக்கும் பானைதான் பெரியது.

அது 1931 மார்கழி. ஓமலூருக்கு மேற்கே கடலைக்காட்டு ஓரத்தில் இருந்த அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது. ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தை நிதானமாக ஒரு சுற்று சொல்லி முடிக்கும் நேரம்தான் அவளுடைய அளவு. அளப்பதற்கென்று அவள் ஜெபத்தைத் தொடங்கவில்லை. கூடையில் கிடந்த பெண்பிள்ளை எட்டு மாதம் நிறையுமுன் பிறந்தது. முன்பு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இப்படித்தான் அவசரமாகப் பிறந்து, உடம்பு சில்லிட்டுச் செத்துப்போயின. என்ன செய்வதென்று தெரியாமல் மணிகளை உருட்டினாள். ஏழாம் நாள்தான் கவனித்தாள்: பிள்ளையின் பாதம் சில்லிடுவது எப்போதும் மூன்றாம் சுற்று முடியும்போது.

மார்போடு அணைத்துக்கொண்டால் போதும்தான். ஆனால் அவளுக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் உடம்பே குளிரில் உதறியது. ஒன்பதாம் நாள் பகலில் அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. தேய்த்துத் தேய்த்துத்தான் மூச்சு சீரானது.

புருஷன் மாதையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இரண்டாவது பிள்ளையை அடக்கம் செய்த அன்று தன் ஜெபமாலையை ஆணியில் மாட்டியவன், இன்னும் அதை எடுக்கவில்லை.

"எத்தனை நாளைக்குச் செங்கல்லு சுடுவே சாலா? ரெண்டை மண்ணுல வெச்சாச்சு. இதையும் ஆண்டவரு கேக்கறாருன்னா குடுத்துட்டுப் போவோம்."

"அவரு கேக்கலீங்க. நான்தான் அவருகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கறேன். இல்லைன்னு இன்னும் சொல்லல."

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ராசாத்தி குழம்புச் சட்டியைச் சும்மாட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அடுப்புல இருந்து இறக்கி வெச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நடந்து வாரேன். இன்னும் கொதிக்குது பாரு, திமிரு புடிச்ச சட்டி. தொட்டுறாதே சாமி."

மாக்கல்லைக் கடைந்து செய்த கல்சட்டி அது. குழம்பு உள்ளே குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சட்டியின் வெளிப்புறம் உலர்ந்திருந்தது. சாலம்மாள் திரும்பித் தன் மண்பானையின் சாக்கைத் தொட்டாள். ஈரம்.

மண்பானை வியர்க்கும். கோடையில் தண்ணீரைக் குளிர வைப்பதே அந்த வியர்வைதான். அது காயக் காயச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளையைக் காப்பாற்ற, குளிரவைக்கும் பாத்திரத்தை அல்லவா கூடைக்குள் வைத்திருந்தாள்! செங்கல் வியர்க்காது, ஆனால் அது பிடிக்கும் சூடு கொஞ்சம். மாக்கல்லில் நீர் கசியாது. தடித்த சுவர் குடித்த சூட்டை மெல்ல மெல்லத்தான் வெளியே விடும்.

"அக்கா, சட்டியைப் பத்து நாளைக்குக் குடு."

"குழம்பு வேண்டாமா? சுண்டைக்காய் போட்டிருக்கறேன்டி!"

"சட்டிதான் வேணும்."

"என் மாமியா சட்டி. கீறல் உழுந்துச்சுன்னா என் மண்டை உருளும்," என்று சொல்லிக்கொண்டே ராசாத்தி குழம்பை வேறு ஏனத்துக்கு மாற்றினாள்.

முதலில் வெந்நீர்ச் சட்டியைப் பிள்ளையின் விலாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளை சிவந்து வியர்த்தது. உடனே காலடிக்கு மாற்றினாள். ஒரு சாண் தள்ளி, சாக்கை நான்காக மடித்துச் சுற்றி வைத்தாள். பிறகு எண்ணத் தொடங்கினாள். மூன்று முடிந்தது, பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்து. ஆறாம் சுற்று முடிகையில் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. பற்கள் கிடுகிடுத்தன. மாதையன் காட்டிலிருந்து அப்போதுதான் வந்தான்.

"ஏனுங்க, ஆறு ஆச்சு. ஏழாவது நீங்க சொல்லோணும். உட்டா கணக்குப் போயிரும்."

"ஆணியில மாட்டுனதை எடுக்க மாட்டேன்னு சொன்னேனில்ல?"

"என்னுதை வெச்சுச் சொல்லுங்க."

அவன் கூடையைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து மாலையை வாங்கினான். முதல் பத்து மணியில் இரண்டு இடத்தில் தடுமாறினான். அப்புறம் வார்த்தைகள் தாமாக வந்தன. ஏழு, எட்டு, ஒன்பது. பத்து முடிந்ததும் பயந்து பயந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டான். அப்போதுதான் சூடு குறையத் தொடங்கியிருந்தது. சட்டி நீரை அவனே மாற்றினான். எண்ண வேண்டிய அவசியம் இல்லாமல் பதினொன்றாவதையும் சொன்னான். அது நன்றி.

மூன்று மாதம் கழித்து, இயேசு உயிர்த்தெழுந்த திருநாளான பாஸ்கு ஞாயிற்றுப் பூசையில் பிள்ளை போட்ட அலறலில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இவர்கள் பிள்ளை பிழைத்ததைக் கேள்விப்பட்டு, கோயில் வாசலில் மாரி என்றொருவர் காத்திருந்தார். ஓமலூர்க்காரர். அவருக்கும் ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை பிறந்திருந்தது.

"அம்மா, நீங்க எப்படிப் பொழைக்க வெச்சீங்க? எனக்குச் செபமாலையெல்லாம் தெரியாதுங்களே."

மாதையன் தன் மடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். மணிகள் சலசலத்தன. "எண்ணறதுக்கு நான் வாரேன்."

சாலம்மாள் சொன்னாள்: "கல்சட்டியில கொதிக்கற தண்ணி ஊத்தி மூடுங்க. சாக்கை நாலா மடிச்சுச் சுத்துங்க. புள்ள காலடியில, ஒரு சாண் தள்ளி வெய்யுங்க. பத்துச் செபமாலைக்கு ஒருக்காத் தண்ணியை மாத்துங்க."