புகையிலை போடாத மனுஷன்

“டாக்டர், எங்கப்பா டான்சில்ல எடுத்த சதையில எச்.பி.வி. வைரஸ் இருக்கானு பார்க்கணும்.”

‘அந்த வைரஸ் பேச்சு உன் வாயில வரவே கூடாது’ என்று ஒரகடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போதே மிரட்டியிருந்தார் பெரியப்பா யாக்கோபு. ஜெர்சி உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் எடுத்தாள்.

டாக்டர் நிமிர்ந்தார். “புகையிலைப் பழக்கம்னு சொன்னீங்களே?”

“இவரு சொன்னாரு. எங்கப்பா பாக்குகூடப் போட்டதில்ல.”

யாக்கோபு சபை கமிட்டி மெம்பர். உடலுறவில் தொற்றும் வைரஸாலும் இந்தத் தொண்டைப் புற்று வரலாம் என்று போன வாரம் டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், “ரொம்ப வருசமா போயிலை சார்” என்று அடித்துவிட்டவர். தம்பி உயிரைவிடத் தன் மகளின் கல்யாண ஓலை அவருக்குப் பெரிசு. வருகிற ஞாயிறு தொடங்கி மூன்று வாரம் சபையில் வாசிப்பார்கள்; ஆட்சேபணை இருப்பவன் எழுந்து சொல்லலாம். போயிலையை மன்னிக்க சபைக்கு ஒரு சாட்சி போதும். மற்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அந்தப் பொய்யை நம்பி டாக்டர் ‘கஷ்டம்தான்’ என்றதும், கரண்டு வைக்கிற கதிர் சிகிச்சையெல்லாம் வீண், வாலாஜாபாத் ஜெப வீட்டில் விட்டுவிடலாம் என்று முடிவும் கட்டிவிட்டார், மகா பக்திமான்.

“வைரஸ்னு வந்தா மட்டும் இன்னா சார் மாறிடப் போவுது?” என்றார் யாக்கோபு.

“நிறைய மாறும். புகையிலை தொடாதவருக்கு வைரஸால வந்த கட்டின்னா, கரண்டு வெச்சா நல்லாக் கரையும். பிழைக்கிற வாய்ப்பு அதிகம். கல்யாணமான யாருக்கும் இது வரலாம்ங்க. எப்பத் தொத்துச்சுன்னே சொல்ல முடியாது.”

யாக்கோபு அவள் பக்கம் திரும்பினார். “நாலு எழுத்து படிச்சிட்டு அப்பன் மானத்த சந்திக்குக் கொண்டாறியா?”

“நம்ம வூட்ல அந்த நாலு எழுத்தும் நான் ஒருத்திதான் படிச்சேன். நீங்க ஓலை வாசிக்கிற நேரத்துல நான் எங்கப்பாவுக்குச் சவப்பொட்டி வாங்கணுமா பெரியப்பா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா செல்வநாதன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “வுட்டுடு பாப்பா” என்றார்.

“நீ எங்க போன, யாரோட போனனு நான் கேக்கலப்பா. டெஸ்ட் எப்படி வந்தாலும் கரண்டு வெக்கணும். வரியா, ஜெப வூட்டுக்குப் போறியா?”

அவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளை.

“வலிக்குமா?”

“வலிக்கும். கொஞ்ச நாள் சோறு எறங்காது.”

“இப்பவே எறங்கல” என்று எழுந்து நின்றார்.

சதையைப் புதைத்து வைத்திருந்த மெழுகுக் கட்டியைக் காலையிலேயே கீழே லேபில் கேட்டு வாங்கிவிட்டாள். அது அவள் பைக்குள் இருந்தது. மெட்ராஸ் லேபுக்கு டாக்டரின் சீட்டு ஒன்றுதான் பாக்கி. எழுதித் தந்தார்.

“இந்த வாசலத் தாண்டுனா, எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு நீ வராத” என்றார் யாக்கோபு.

“சபையில கேட்டா போயிலைனே சொல்லிக்குங்க. உங்களுக்குத்தான் நல்லா வருதே.”

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு டோக்கனுக்காகக் காத்திருந்த கம்பெனிப் பையன்களை விலக்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள் ஜெர்சி.