ஒரே பதிப்பு எண், இரண்டு அளவு

காலை பதினொரு மணிக்கு நாத்தனாரின் பெயர் போனில் ஒளிர்ந்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ் அவர். வேலை நேரத்தில் ஊர்க்கதை பேச அழைக்கிற ஆள் இல்லை.

"ஏம்மா, உங்க கம்பெனியோட மருந்துக் கணக்கு ஆப்தான். ஒரு குழந்தையோட எடையை டேப்லெட்ல போட்டா மருந்து 0.4 மில்லின்னு வருது. வார்டு கம்ப்யூட்டர்ல போட்டா 0.5ங்குது. எது சரி?"

"ரெண்டுலயும் பதிப்பு நம்பர் என்ன, அக்கா?"

"ஒரே நம்பர்தான். அதான் புரியல."

"கம்ப்யூட்டரை நம்பாதீங்க. கையால போட்டுப் பாத்துக் குடுங்க. இப்பவே பாக்கறேன்."

அந்த மென்பொருளின் நிரலை இயங்கும் கோப்பாகக் கட்டி வெளியே அனுப்புவது அவள் வேலை. டேப்லெட்டுகளுக்கு ஆப் ஸ்டோர், கம்ப்யூட்டர்களுக்கு இணையதளம், இணைய இணைப்பு இல்லாத மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களுக்குக் கூரியரில் பென் டிரைவ். எந்த வழியில் போனாலும் கணக்கு ஒன்றாகவே வர வேண்டும். பச்சைக் குழந்தைக்கு 0.45 என்று வந்தால் 0.4 ஆகக் குறைக்க வேண்டும் என்பது டாக்டர்கள் தந்த விதி.

இணையதளத்தில் இருந்த கோப்பையும் நாத்தனாரின் வார்டுக்குப் பென் டிரைவில் போன கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியவை, இல்லை. எந்த இயந்திரத்தில் கட்டியது என்ற பதிவைத் திறந்தாள். முதலாவதில் அலுவலகப் பொது சர்வரின் பெயர். இரண்டாவதில் அவளுடைய லேப்டாப்பின் பெயர்.

போன வியாழக்கிழமை சர்வர் படுத்துவிட்டது. கூரியர்காரர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு தடவைதானே என்று தன் லேப்டாப்பிலேயே கட்டிக் கொடுத்திருந்தாள். அதில் கணக்குப் போடும் நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, பழையது. 0.45 போலப் பாதியில் நின்றால் 0.5 என்று மேலே ஏற்றிவிடும்.

 மேலாளரின் அறைக்குள் போய் உட்காராமலே சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சின்ன அப்டேட்னு புது பென் டிரைவ் அனுப்பிடலாமே. எல்லாரையும் எதுக்குக் கிலி பிடிக்க வைக்கணும்?"

"போய்ச் சேர மூணு நாள் ஆகும் சார். அதுவரைக்கும் அந்த 0.5 ஓடிட்டே இருக்கும். இப்பவே போன் பண்ணி நிறுத்தச் சொல்லணும்."

"யார் தப்புன்னு கேப்பாங்க."

"என் தப்புதான். நானே எழுதித் தரேன்."

 அவர் பென் டிரைவ் போன மருத்துவமனைகளின் கூரியர் பட்டியலை எடுத்து நடுவில் கிழித்து, ஒரு பாதியை அவளிடம் நீட்டினார். "மேல் பாதி உங்களுக்கு. ஆரம்பிங்க."

முப்பத்தெட்டு மருத்துவமனைகள். சிலர் நன்றி சொன்னார்கள், ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மூன்று மணிக்கு அவள் பாதியில் ஒன்றுதான் பாக்கி. ஏழாவது தடவை அழைத்தபோதுதான் அங்கே ஒரு டாக்டர் போனை எடுத்தார்.

"காலையில ஒரு குழந்தைக்கு இதை வச்சுத்தான் மருந்து குடுத்தோம்," என்றார். "லைன்லயே இருங்க."

நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம், காலடி, கதவு. பிறகு ஒன்றுமில்லை. மேலாளர் வந்து அவள் மேசையருகே நின்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான்கு நிமிடம் ஓடியது.

"நாடித்துடிப்பு, மூச்சு எல்லாம் சரியா இருக்கு. பால் குடிக்குது," என்றார் டாக்டர். "ராத்திரி வரைக்கும் பாத்துக்கறேன். அந்தக் கம்ப்யூட்டரை அணைச்சாச்சு."

அவள் போனை வைத்தாள். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நடந்ததைத் தன் பெயரோடு இரண்டு பக்கம் எழுதினாள். லேப்டாப்பிலிருந்து வெளியிடும் அனுமதியைத் தானே நீக்கினாள். கட்டுவதெல்லாம் இனி சர்வரில்தான். மூன்று வழிக் கோப்புகளும் ஒரே அளவைச் சொல்லாவிட்டால் எதுவும் வெளியே போகாதபடி ஒரு பூட்டும் போட்டாள். அவசரம் என்று அவளே கெஞ்சினாலும் அது திறக்காது.

மாலையில் நாத்தனாரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். 

"கோபமா அக்கா?"

"கோபம்தான்," என்றார் நாத்தனார். "புது பென் டிரைவ் வந்ததும் நானே பத்து எடை போட்டுப் பாப்பேன். அப்புறம்தான் வார்டுல விடுவேன்."

"பாருங்க அக்கா. கண்டிப்பா பாருங்க."